ஸ்லோ குக்கரில் புல்டு போர்க்

பன்றியின் தோள்பட்டை இறைச்சியைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, புளிப்பும் காரமும் இனிப்பும் கலந்த சாஸ் சேர்த்து உண்ணும் உணவு புல்டு போர்க். அமெரிக்கத் தென்மாநிலங்களில் விறகுக் கனலில் வாட்டும் பார்பிக்யூவாக வளர்ந்த இந்த உணவு, 1970களில் ஸ்லோ குக்கர் பரவிய பிறகு வீட்டுச் சமையலறைக்குள்ளும் இடம்பிடித்தது. கனலில் வாட்டும்போது சேரும் புகைமணமும் கருமை படர்ந்த மேற்பொருக்கும் ஸ்லோ குக்கரில் கிடைப்பதில்லை. மென்மையில் மட்டும் குறையேதும் இல்லை. சரியான துண்டும் போதுமான நேரமும் இருந்தால் முதன்முறை சமைப்பவருக்கும் அந்த மென்மை கைகூடும்.

தோற்றமும் வட்டார மரபுகளும்

பன்றி வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த விலங்கு. ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ 1539இல் புளோரிடாவில் இறங்கியபோது உயிருள்ள பன்றிகளையும் கப்பலில் கொண்டுவந்தார். பின்னாளில் குடியேறியவர்கள் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டு வளர்த்தார்கள். ஓக் மரக் கொட்டைகளையும் கிழங்குகளையும் தின்று அவை தாமே பெருகியதால் வளர்ப்புச் செலவு குறைவாக இருந்தது. தென்மாநிலங்களில் பன்றி இறைச்சி அன்றாட உணவானதற்கு இது முக்கியக் காரணம்.

கனலுக்கு மேலே மரச்சட்டம் கட்டி இறைச்சியை மெல்ல வாட்டும் முறை கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளிடம் இருந்தது. அதை அமெரிக்கத் தென்பகுதியில் பெரும் கலையாக வளர்த்தவர்களில் முதலிடம் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களுக்கு உரியது. தோட்ட முதலாளிகளின் விருந்துகளுக்காகக் குழி வெட்டியதும், இரவு முழுக்கக் கண்விழித்துக் கனலைக் காத்ததும், சாஸை இறைச்சிமேல் தடவித் தடவிப் பதம் பார்த்ததும் பெரும்பாலும் அவர்கள்தாம். இந்த உணவின் வரலாற்றை எழுதும்போது அவர்களுடைய உழைப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியையும் வாட்டி, வினிகரும் மிளகாயும் கலந்த நீர்த்த சாஸைச் சேர்ப்பார்கள். அதில் தக்காளிக்கு இடமில்லை. மேற்கே லெக்சிங்டன் நகரைச் சுற்றிய பகுதியில் தோள்பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, வினிகர் சாஸில் கொஞ்சம் கெட்சப் கலப்பார்கள். அந்நகரின் பார்பிக்யூ திருவிழா 1984இல் தொடங்கியது. தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் நிறக் கடுகு சாஸ் வழக்கம். ஜெர்மானியக் குடியேறிகள் அங்கே அதிகம் வாழ்ந்ததோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். கான்சஸ் சிட்டியின் சாஸ் தக்காளியும் கரும்புப்பாகும் சேர்ந்து கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். உலகெங்கும் பாட்டிலில் விற்கப்படும் பார்பிக்யூ சாஸ்களில் பல இந்தக் கடைசி வகையைச் சார்ந்தவை.

ஸ்லோ குக்கர்

இக்கருவியின் மூல வடிவத்தை உருவாக்கியவர் சிகாகோவில் வாழ்ந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இர்விங் நாக்சன். லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாள் தொடங்குமுன் இறைச்சி, அவரை வகைகள், உருளைக்கிழங்கு போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து உண்பார்கள் என்று அவருடைய தாய் சொன்ன கதையிலிருந்து இந்த எண்ணம் பிறந்தது. நாக்சன் 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940இல் பெற்றார். ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை 1970இல் வாங்கி, 1971இல் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. காலையில் வைத்துவிட்டுப் போனால் மாலையில் தயாராக இருக்கும் சமையலுக்கு உடனே வரவேற்புக் கிடைத்தது.

கனத்த பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி மின்கம்பிச் சுருள், மேலே மூடி ஆகியவையே இதன் பாகங்கள். சூடு அடியிலிருந்து சீறாமல் பக்கங்களிலிருந்து மெல்லப் பரவுவதால் அடிபிடிக்காது. பல கருவிகளில் ‘லோ’, ‘ஹை’ என்ற இரண்டு நிலைகளும் இறுதியில் கொதிநிலையை ஒட்டிய ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் எட்டுகின்றன. அதை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் வேறுபாடு. அமெரிக்காவிலிருந்து வாங்கிவரும் கருவிகள் 120 வோல்ட் மின்சாரத்துக்கானவை. 230 வோல்ட் வழங்கும் இந்திய, இலங்கை வீடுகளில் தகுந்த மின்மாற்றி இல்லாமல் அவற்றைச் செருகக் கூடாது.

எந்தத் துண்டு

தோள்பட்டையின் மேற்பகுதி இதற்கு மிகப் பொருத்தம். அமெரிக்கக் கடைகளில் இதற்குப் ‘பாஸ்டன் பட்’ என்று பெயர். அதில் தட்டையான தோள் எலும்பு இருக்கும். சதைக்கு நடுவே கொழுப்பு கோடு கோடாக ஓடும். அதற்குக் கீழே முன்னங்காலை ஒட்டிய ‘பிக்னிக்’ துண்டும் ஏற்றதே. ஆனால் அதில் தோலும் தசைநாரும் அதிகம். நாள் முழுக்க உடலைத் தாங்கி நடக்கும் தசைகள் என்பதால் இவற்றில் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் நிறைய இருக்கிறது. அவசரமாகச் சமைத்தால் ரப்பராக இழுக்கும் இறைச்சி, நீண்ட வேக்காட்டில் பஞ்சாவதற்கு இதே கொலாஜன்தான் காரணம்.

முதுகுப் பகுதியான லாயினும் அதன் உள்ளே இருக்கும் டெண்டர்லாயினும் விலை கூடியவை, பார்வைக்கு அழகானவை. இந்தச் சமையலுக்கு உதவாதவை. அவற்றில் கொழுப்பும் கொலாஜனும் குறைவு. எட்டு மணி நேரம் வெந்தால் சக்கையாகிவிடும். எவ்வளவு சாஸ் ஊற்றினாலும் அந்த வறட்சி போகாது.

மென்மை வரும் விதம்

இறைச்சி சூடேறும்போது 50 டிகிரி செல்சியஸை ஒட்டித் தசைப் புரதங்கள் சுருங்கத் தொடங்குகின்றன. 60 முதல் 70 டிகிரிக்குள் கொலாஜன் உறையும் சுருங்கித் தசையைப் பிழிகிறது, சாறு வெளியேறுகிறது. இந்தக் கட்டத்தில் வெட்டிச் சாப்பிட்டால் இறைச்சி விறைப்பாகவும் வறண்டும் இருக்கும். “ஐந்து மணி நேரமாகியும் கல்லாக இருக்கிறதே” என்று பலர் கைவிடுவதும் இந்த இடத்தில்தான். சமையல் தவறிவிடவில்லை, இன்னும் முடியவில்லை, அவ்வளவே. 70 டிகிரியைத் தாண்டிச் சூடு உயர உயரக் கொலாஜன் வேகமாகக் கரைந்து ஜெலட்டினாகிறது. தசை நார்களைக் கட்டி வைத்திருந்த பிணைப்பு அவிழ்கிறது. உருகிய கொழுப்பும் ஜெலட்டினும் நார்களைப் பூசிக்கொள்வதால், நீர் குறைந்த இறைச்சியும் வாயில் ஈரமாக உணரப்படுகிறது.

பார்பிக்யூ குழியில் இறைச்சியின் சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் பல மணி நேரம் ஏறாமல் நின்றுவிடுவதுண்டு. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் இறைச்சியைக் குளிரவைப்பதே அதற்குக் காரணம். மூடிய ஸ்லோ குக்கரில் ஈரம் வெளியேற வழியில்லாததால் இந்தத் தேக்கம் ஏற்படுவதில்லை. அதே ஈரம்தான் மேற்பொருக்கு உருவாகாமலும் தடுக்கிறது. இறைச்சியைச் சிவக்க வைத்து மணம் கூட்டும் மெய்லார்டு வினைக்கு உலர்ந்த மேற்பரப்பும் கொதிநிலையை மிஞ்சிய சூடும் வேண்டும். குக்கருக்குள் இரண்டும் கிடையாது. அதனால் வறுத்த சுவை வேண்டுமென்றால் குக்கருக்கு முன்போ பின்போ தனியாகச் சேர்க்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

எட்டு முதல் பத்துப் பேருக்கு:

- பன்றித் தோள்பட்டை: 2 கிலோ
- தூள் உப்பு: 4 தேக்கரண்டி
- பழுப்புச் சர்க்கரை: 3 மேசைக்கரண்டி
- பாப்பிரிக்கா தூள்: 2 மேசைக்கரண்டி
- மிளகுத் தூள், பூண்டுப் பொடி: தலா 2 தேக்கரண்டி
- கடுகுப் பொடி, மிளகாய்த் தூள்: தலா 1 தேக்கரண்டி
- பெரிய வெங்காயம்: 2
- ஆப்பிள் சைடர் வினிகர்: 100 மில்லி
- தண்ணீர் அல்லது ஆப்பிள் சாறு: 100 மில்லி

பாப்பிரிக்காவைப் புகையூட்டிய வகையாக வாங்கினால் விறகுப் புகையின் சாயல் கொஞ்சம் கிடைக்கும்.

செய்முறை

1. உறைந்த இறைச்சியாக இருந்தால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளக விட வேண்டும். மேலே தடித்திருக்கும் கொழுப்பை அரை சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு மீதியைச் சீவிவிடலாம்.

2. துண்டை இரண்டு அல்லது மூன்று பெரிய பாளங்களாக வெட்டினால் சூடு சீராக உள்ளே போகும். சிறு துண்டுகளாக நறுக்கினால் நீளமான நார் கிடைக்காது.

3. உப்பையும் பொடிகளையும் சர்க்கரையையும் கலந்து எல்லாப் பக்கமும் அழுத்தித் தடவி, குளிர்பெட்டியில் ஓர் இரவு ஊறவிடலாம். உப்பு உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். பொடிகளின் மணம் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் தங்கும்.

4. கனமான வாணலியில் சிறிது எண்ணெய் காயவைத்து, பாளங்களை எல்லாப் பக்கமும் சிவக்க விட வேண்டும். மசாலாவில் சர்க்கரை இருப்பதால் மிதமான தீயே நல்லது. வாணலியில் ஒட்டியதை வினிகர் ஊற்றிச் சுரண்டி, அதையும் குக்கரில் சேர்க்க வேண்டும். இந்தப் படி கட்டாயமில்லை. செய்தால் சாறின் சுவை ஆழமாகும்.

5. குக்கரின் அடியில் வெங்காயத்தைப் பரப்பி, அதன்மேல் இறைச்சியைக் கொழுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, வினிகரையும் தண்ணீரையும் ஓரமாக ஊற்ற வேண்டும். இறைச்சி மூழ்கத் தேவையில்லை. அதிலிருந்தே நிறையச் சாறு இறங்கும். மூடியில் படியும் ஆவியும் திரும்பச் சொட்டும். தண்ணீர் கூடினால் சுவை நீர்த்துப் போகும். பாத்திரம் பாதிக்கு மேல், முக்கால் பாகத்துக்குள் நிறைந்திருப்பது நல்லது.

6. ‘லோ’ நிலையில் 8 முதல் 10 மணி நேரம், அல்லது ‘ஹை’ நிலையில் 5 முதல் 6 மணி நேரம் வேக விட வேண்டும். இடையில் மூடியைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூடு திரும்ப இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

7. உள்சூடு 90 முதல் 96 டிகிரியை எட்டியதும் பதம் பார்க்கலாம். முள்கரண்டியைக் குத்தித் திருகினால் தடையின்றிச் சுழல வேண்டும்; எலும்பை இழுத்தால் சுத்தமாகக் கழன்று வர வேண்டும். சதை எதிர்த்தால் இன்னும் ஒரு மணி நேரம் விடுவதே சரி.

8. இறைச்சியைத் தட்டில் எடுத்து இருபது நிமிடம் ஆற விட்டு, இரண்டு முள்கரண்டிகளால் பிய்க்க வேண்டும். கரையாத கொழுப்பையும் சவ்வையும் அகற்றிவிடலாம். மாவாக மசியும் அளவுக்குப் பிய்க்காமல் விரல் பருமனில் நிறுத்தினால் மெல்லும்போது இறைச்சியின் தன்மை தெரியும்.

சாறும் சாஸும்

குக்கரில் மிஞ்சிய சாறு இந்தச் சமையலின் செல்வம். அதை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி, அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்துப் பிய்த்த இறைச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். உப்பு ஏற்கெனவே அதில் இருப்பதால் ருசி பார்த்துச் சேர்ப்பது அவசியம். பாட்டில் சாஸைத் தொடக்கத்திலேயே ஊற்றி வேகவைப்பது பரவலான பழக்கம். ஆனால் இறங்கும் சாறு அதை நீர்த்துப்போகச் செய்யும். கொழுப்பும் அதோடு கலந்துவிடும். பிய்த்த பிறகு சேர்ப்பதே சிறந்தது.

கிழக்கு வட கரோலினா முறைச் சாஸுக்கு அடுப்பே வேண்டாம். 250 மில்லி ஆப்பிள் சைடர் வினிகரில் ஒரு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி இடித்த வற்றல் மிளகாய், அரைத் தேக்கரண்டி மிளகுத் தூள் கலந்து ஓர் இரவு வைத்தால் போதும். கொழுத்த இறைச்சியின் திகட்டலை இந்தப் புளிப்பு அறுத்துவிடும்.

மேற்பொருக்கை நினைவூட்டும் மொறுமொறுப்பு வேண்டுமானால், பிய்த்த இறைச்சியைத் தட்டில் பரப்பி, மேலிருந்து சூடு தரும் ஓவன் கிரில்லில் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். முனைகள் சிவந்து கருகத் தொடங்கும்போது எடுத்து, சாறைக் கலக்க வேண்டும். வழக்கமாக மென்மையான பன்னில் வைத்து, முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிச் செய்யும் கோல்ஸ்லாவோடு பரிமாறுவார்கள்.

பாதுகாப்பும் சேமிப்பும்

பன்றி இறைச்சியின் முழுத் துண்டுகள் 63 டிகிரி உள்சூட்டை எட்டி மூன்று நிமிடம் இருந்தால் உண்ணத் தகுந்தவை என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2011இல் அறிவித்தது. புல்டு போர்க் அதைக் கடந்து வெகுதூரம் போவதால், முறையாக வெந்த இறைச்சியில் நாடாப்புழு, டிரைக்கினெல்லா புழு பற்றிய அச்சம் தேவையில்லை. கவனிக்க வேண்டியது சூடேறும் நேரமும் ஆறும் நேரமும்தான். 4 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளியில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். உறைந்த துண்டை அப்படியே குக்கரில் வைத்தால் அந்த இடைவெளியில் அது நெடுநேரம் கிடக்கும். சமையலின் தொடக்கத்திலோ நடுவிலோ மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாமல் போனால், அந்த இறைச்சியை உண்ணாமல் விடுவதே பாதுகாப்பு.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுப்பகுதி ஆற நெடுநேரம் பிடிக்கும். மூன்று, நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். சாறோடு சேர்த்து உறையவைத்தால் இரண்டு, மூன்று மாதம் சுவை கெடாது. மறுபடி சூடாக்குவதை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ 74 டிகிரி எட்டும்வரை செய்ய வேண்டும். ஸ்லோ குக்கர் சூடேற நெடுநேரம் எடுப்பதால் அதற்குப் பொருந்தாது.

உறவுடைய உணவுகள்

மெக்சிகோவின் யுகதான் பகுதியில் ஆச்சியோட்டே விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் பொதிந்து, மண்குழியில் வேகவைக்கும் கொச்சினீட்டா பிபில் இதன் நெருங்கிய உறவு. மிச்சோவகான் மாநிலத்தின் கார்னீத்தாஸ் பன்றிக் கொழுப்பிலேயே மெல்ல வெந்து, ஓரங்கள் மொறுமொறுப்பாவது. ஹவாயில் சூடான கற்களை அடுக்கிய நிலஅடுப்பில் முழுப் பன்றியை இலைகளால் மூடி வேகவைப்பதைக் காலுவா என்பார்கள். அதையும் நாராகப் பிய்த்தே பரிமாறுகிறார்கள். உப்பைத் தவிர வேறு மசாலா அதில் அநேகமாக இருக்காது. இம்மூன்றையும் தோள்பட்டைத் துண்டைக் கொண்டு ஸ்லோ குக்கரில் செய்யலாம். மசாலாவும் புளிப்பும் இடத்துக்கு இடம் மாறினாலும், துண்டின் தேர்வு, நேரம், பிய்க்கும் பதம் ஆகிய மூன்றும் மாறுவதில்லை.