பி.என்.எச். நோயில் சிறுநீரகப் பாதிப்பு

மருத்துவர்கள் பி.என்.எச். என்று சுருக்கிச் சொல்லும் பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா, பரம்பரையாக வராமல் பின்னாளில் எலும்பு மஜ்ஜையில் தோன்றும் அரிய இரத்த நோய். தற்காப்புப் புரதங்களை இழந்த சிவப்பணுக்களை உடலின் நோயெதிர்ப்பில் ஓர் அங்கமான காம்ப்ளிமென்ட் அமைப்பே உடைக்கிறது. அப்போது சிந்தும் ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியே வடிகிறது.

1882இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் பவுல் ஸ்ட்ரூபிங் இதைத் தனி நோயென இனங்கண்டார். மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற ரோம் மருத்துவர் எத்தோரே மார்க்கியாஃபாவா, 1911 முதல் இந்நோயாளிகளின் சிறுநீரில் ஹீமோசிடெரின் என்னும் இரும்புத் துகள் ஓயாமல் இறங்குவதைப் பதிவு செய்தார். சிறுநீர் வண்டலில் பிரஷ்யன் நீலச் சாயம் இட்டால், உதிர்ந்த சிறுநீரகக் குழல் செல்களுக்குள் அத்துகள்கள் நீல மணிகளாகத் தெரியும். செலவு குறைந்த இந்தச் சோதனை இன்றும் கைகொடுக்கிறது.

வடிகட்டியைத் தாண்டும் ஹீமோகுளோபினைச் சிறுநீரகக் குழல்கள் உறிஞ்ச, இரும்பு அங்கேயே படிகிறது. உடலோ இரும்புச்சத்துக் குறைவால் சோர்ந்துபோகிறது. காய்ச்சலின்போது சிவப்பணுக்கள் மொத்தமாக உடைந்தால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்து டயாலிசிஸ் வரை போகலாம். ஆண்டுக்கணக்கில் படியும் இரும்பும் நுண்குழாய்களில் உறையும் இரத்தமும் நாள்பட்ட பாதிப்பைத் தருகின்றன.

சேரன்மகாதேவி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் சிறுநீர் கருத்தால் முதலில் மஞ்சள்காமாலை என்றுதான் நினைப்பார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். வயல் வேலைக்குப் போகிறவர் என்றால் மருத்துவர் எலிக்காய்ச்சலையும் பாம்புக்கடியையும் முதலில் விசாரிப்பது சரியே. ஆனால் இரத்தசோகையும் சேர்ந்திருந்தால் ஒருநாள் சிறுநீரை வேளைக்கொரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். காலைக் குப்பி கடுங்காப்பி நிறத்திலும் மற்றவை வரவரத் தெளிந்தும் இருந்தால் பி.என்.எச்.சை நினைக்காமல் விடக்கூடாது. காமாலை மருந்தில் கழியும் மாதங்கள் சிறுநீரகத்துக்கே நட்டம்.

1937இல் தாமஸ் ஹாம் இந்நோயைக் கண்டறியும் அமிலச் சோதனையைத் தந்தார். 1993இல் ஒசாகா ஆய்வாளர்கள் பிக்-ஏ மரபணுவின் பழுதே காரணம் என்று காட்டினர். இன்று ஃப்ளோ சைட்டோமெட்ரி நோயை உறுதிசெய்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் அந்த வசதி உண்டு.

2007இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எக்குலிசுமாப் ஊசி, சிவப்பணு உடைவதைத் தடுத்துப் பலருக்குச் சிறுநீரகச் செயல்பாட்டையும் மேம்படுத்தியது. 2023இல் இப்டகோபான் மாத்திரையும் வந்தது. இவற்றின் விலை நம் குடும்பங்களால் தாங்கக்கூடியதல்ல. நோயை வேரோடு நீக்கவல்லது எலும்பு மஜ்ஜை மாற்றம் மட்டுமே. 1986இல் அச்சிகிச்சையைத் தொடங்கிய சி.எம்.சி., உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் அதைச் செய்கிறது.