முன்னெழுத்தும் முன்னோரும்

வரலாறு என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவோர் வேந்தரும் வேளிருமே ஆவர். அவர்தம் போரும் கொடையும் கல்லிலும் செம்பிலும் நின்று நிலவுகின்றன. ஆயின், நம் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் யாது என வினவினால் விடை பகரவல்லார் நம்மில் எத்துணைப் பேர்? இவ்வினா என் உள்ளத்தில் எழக் காரணமாயிருந்தது, என் தமக்கை மகன் அமெரிக்காவிலிருந்து எழுதிய மடல் ஒன்றாகும்.

அந்நாட்டின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் என்னும் நகர் உள்ளது. அங்கு 2011-ஆம் ஆண்டு முதல் ‘ரூட்ஸ்டெக்’ என்னும் குலமரபு மாநாடு கூட்டப்பெற்று வருகின்றது. தம் முன்னோர் யாவர் எனத் தேடுவோர் கூடும் பேரவை அது. 2020 பிப்ரவரியில் நிகழ்ந்த பத்தாம் மாநாட்டிற்கு அவன் நண்பர் ஒருவருடன் சென்றிருந்தான். சொற்பொழிவுகளினும் கண்காட்சி மண்டபமே அவனைப் பெரிதும் கவர்ந்ததாம். நம்மூர்த் திருவிழாவில் பாத்திரக் கடையும் வளையற் கடையும் வரிசையாக நிற்பதுபோல, அங்கு முன்னோரைத் தேடித் தரும் கடைகள் நிற்கின்றனவாம். உமிழ்நீரைச் சோதித்து உறவினரைக் காட்டுவோம் என்பர் ஒரு சாரார். பழம் புகைப்படங்களைப் புதுப்பித்துத் தருவோம் என்பர் மற்றொரு சாரார். படிக்கவியலாத பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்வாரும், வம்சவிருட்சத்தைச் சித்திரமாக எழுதித் தருவாரும் உளர். “மாமா, மண்டபம் முழுவதும் சுற்றினேன், நம் தமிழ்க் குடிகளுக்கென ஒரு மேசையையும் கண்டிலேன்” என்று அவன் மடலை முடித்திருந்தான். அவ்வொரு வரி என்னை உறங்கவிடவில்லை.

அந்நகரத்தார் இத்துறையில் நெடுநாளாக உழைத்து வருபவர். 1894-இல் அங்குக் குலமரபுச் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. 1938 முதல் அவர்கள் பல நாட்டுப் பதிவேடுகளைப் படமெடுத்துக் காத்து வருகின்றனர். நம் நாட்டு அரித்துவாரத்தில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் யாத்திரிகர் ஏடுகளும் அவ்வாறு படமெடுக்கப்பெற்றன. ஊரையும் குலத்தையும் கூறினால், என்றோ நீராட வந்த பாட்டனின் பெயரை அப்பண்டாக்கள் புரட்டிக் காட்டுவர். வடநாட்டார்க்கு வாய்த்த பேறு அது.

நமக்கு ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. நமக்கு அணித்தாகிய திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த செப்பேடுகள் சோழர் மரபை வரிசையாக உரைக்கின்றன. திருமலைக் கல்வெட்டொன்று, வெள்ளித் திருமேனி வழங்கிய சாமவை என்னும் பெருமாட்டியைக் காடவன் பெருந்தேவி எனவும், சத்திவிடங்கனின் தேவி எனவும், பல்லவப் பேர்கடையாரின் மகள் எனவும் விளக்கமாகக் குறிக்கின்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கடந்தும் அவ்வம்மையின் கணவரையும் தந்தையையும் நாம் அறிகின்றோம். எனினும் இவையெல்லாம் அரசகுடியின் வரலாறு. அக்கோயிலுக்கு நெய் சுமந்தவன் மகன் எவன்? கல் அதனைக் கூறவில்லை.

எளிய தமிழனின் பெயரையும், தந்தை பெயரையும், ஊரையும், உயரத்தையும், உடல் அடையாளத்தையும் ஒருங்கே எழுதிவைத்த ஏடு ஒன்று உண்டு. அது கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடாகும்! 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் ‘டுரூரோ’ என்னும் கப்பல், சென்னையிலிருந்து 342 பேரைச் சுமந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. அன்றுதொட்டு 1911 முடிய அந்நாட்டிற்குச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தந்து, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதினர். மொரீசியசிலும் அத்தகைய ஏடுகள், புகைப்படங்களுடன், மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் காக்கப்பெறுகின்றன. அன்பு காரணமாக எழுதப்பட்டவை அல்ல அவை; ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. ஆயினும் இன்று பேரன்மார்க்கு அவையே வழிகாட்டுகின்றன. ஊரிலேயே உழுதும் நெய்தும் வாழ்ந்த அண்ணனுக்கோ பெரும்பாலும் அத்தகைய ஏடு இல்லை. ஈதென்ன விந்தை!

இங்கு என் பிழையொன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன், திருமலையைத் தரிசித்துத் திரும்பிய தென்னாப்பிரிக்க முதியவர் ஒருவர் என் மேசை முன் வந்து நின்றார். தமிழ் நான்கு சொற்களே அறிவார். கையில் அக்கப்பற் பதிவேட்டின் நகல் இருந்தது. ஜில்லா வடஆர்க்காடு, ஊரின் பெயர் புத்தூரா, புதூரா என ஆங்கில எழுத்தில் தெளிவுபடவில்லை. வடஆர்க்காடு என்றால் வேலூர்தானே எனக் கருதி, காட்பாடிக்குச் செல்லும் வழியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கைகூப்பி விடைபெற்றார்.

பின்னரே ஒரு நூலைப் படித்து உண்மையறிந்தேன். சித்தூர் மாவட்டம் பிறந்ததே 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான். அதற்கு முன் சித்தூரே வடஆர்க்காட்டின் தலைநகர். கார்வேட்டி நகர் ஜமீனும், அதனுட்பட்ட நம் நகரியும் புத்தூரும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. நேட்டாலுக்கு ஆளனுப்புதல் முடிந்த ஆண்டும் அதே 1911! ஆகவே அவ்வரை நூற்றாண்டில் இப்பகுதியினின்று சென்றோருள் பெரும்பாலார்க்கு ஏட்டில் வடஆர்க்காடே ஜில்லாவாக இருந்திருக்கும். அம்முதியவர் தேடிய ஊர் நம் பக்கத்துப் புத்தூராகவும் இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம். ஆயின் தம் ஊரை அணுகி வந்த ஒருவரை, ஊர்ப்பெயரின் வரலாறறியாத என் வாய், அப்பால் அனுப்பிவிட்டதோ என்னும் ஐயம் என்னை இன்றும் உறுத்துகின்றது.

எல்லைகள் அத்துடன் நின்றனவல்ல. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் அதனைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. நகரி இப்பக்கமே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நம் வீடுகள் இருந்த இடத்தில் இருக்க, முகவரிகள் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. தமிழராகிய நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னெழுத்தாக இடுகின்றோம். அது தலைமுறைதோறும் மாறும். ஆந்திர நண்பர்களோ ‘இண்டி பேரு’ என்னும் வீட்டுப் பெயரை இடுகின்றனர், அது மாறுவதில்லை. பள்ளியில் வீட்டுப் பெயர் யாதெனக் கேட்க, நம்மவர் தந்தை பெயரைச் சொல்ல, அதுவே சில பிள்ளைகட்கு வீட்டுப் பெயராகிவிடுகின்றது. அடுத்த தலைமுறையில் அது தந்தை பெயரா, பாட்டன் பெயரா என்பது மயங்கும். ‘க.’ என்னும் ஓரெழுத்து கண்ணனா, கந்தனா, கருப்பனா என்று ஐம்பதாண்டு கழித்து யாரே அறிவார்? உமிழ்நீர்ச் சோதனை உறவைக் காட்டும், பெயரைக் காட்டாது. சீட்டுக் கிழிந்த பார்சல், பொருள் நன்றாயிருந்தும் உரியவரைச் சேராது என்பதை எம் இலாகாவில் நாள்தோறும் காண்கின்றேன்.

ஆதலின் அன்பர்காள், ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் நம் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை இடுவோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் கொணர்க. அதில் முன்னெழுத்தை விரித்து முழுப்பெயராக எழுதுக. தாய்வழியையும் தவறாது எழுதுக. ஊரின் பெயருடன் அன்றிருந்த தாலுகாவையும் ஜில்லாவையும், ஊரைவிட்டு வந்த ஆண்டையும் காரணத்தையும் குறிக்க. பழைய பட்டா, பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், பணிப் பதிவேடு ஆகியன துணைபுரியும். தமிழிலும் தெலுங்கிலும் எழுதுக. நம் பேரப்பிள்ளைகள் எதனைப் படிப்பார்கள் என இன்றே சொல்லவியலாது.

என் தாளை எழுதத் தொடங்கிவிட்டேன். திருத்தணிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடி நகரிக்கு வந்த தந்தையார் பெயர் உள்ளது; பாட்டனார் பெயர் உள்ளது; பாட்டியார் பெயரும் உள்ளது. பாட்டியைப் பெற்றவள் பெயரிருக்க வேண்டிய இடம் வெறுமையாய் நிற்கின்றது. அதனை அறிந்த என் பெரிய அத்தை, மடல் வருவதற்கு இரு திங்கள் முன்னரே மறைந்தார். அவ்விடத்தை இனி நிரப்புவார் இலர். உங்கள் இல்லத்தில் அறிந்தவர் ஒருவர் இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கக் கூடும். விழா முடிந்து வீடு சென்றதும், இன்றிரவே அவரருகில் அமர்ந்து கேளுங்கள்.