கார் மெருகேற்றலும் பூச்சு மீட்பும்

காரின் மேற்பூச்சில் படிந்த அழுக்கு, கீறல், மங்கல் ஆகியவற்றை நீக்கிப் பழைய பளபளப்பைக் கொண்டுவரும் தொழில் கார் மெருகேற்றல். பட்டறைகளில் டீட்டெய்லிங் என்பார்கள். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, புதிதாக பெயின்ட் அடிக்கும் டிங்கரிங் வேலை வேறு. இதில் ஏற்கெனவே இருக்கும் பெயின்டைக் காப்பாற்றுவதுதான் கைத்திறன்.

தொடக்க காலக் கார்களுக்குக் குதிரை வண்டி செய்பவர்களின் முறையிலேயே வண்ணம் பூசினார்கள். எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். நிறத் தேர்வும் எப்போதும் இருக்கவில்லை: ஃபோர்டு நிறுவனம் 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றது.

இந்த நிலையை மாற்றியது வெடிமருந்துச் சரக்கு. முதல் உலகப் போர் முடிந்ததும், டூபாண்ட் நிறுவனத்திடம் நைட்ரோசெல்லுலோஸ் தயாரிக்கும் வசதி தேவைக்கு மேல் மிஞ்சியது. ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து அந்தப் பொருளைக் கொண்டு ‘டூகோ’ என்ற லாக்கரை உருவாக்கியது. 1923இல் ஓக்லண்ட் கார்கள் இந்தப் பூச்சில் நீல நிறத்தில் வெளிவந்தன. ஸ்ப்ரே கன்னால் அடிக்கலாம், சீக்கிரம் காயும், விரும்பிய நிறமும் கிடைக்கும். ஆனால் அடித்த கையோடு மின்னாது, தேய்த்தால்தான் மின்னும். சில கோடைகள் வெயிலில் நின்றால் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்தும் போகும். மெருகுத் தொழிலுக்கு வாழ்வு கொடுத்தது இந்தக் குறைதான். அறைகலன் மெருகோடு 1901இல் தொடங்கிய மெக்வயர்ஸ் போன்ற நிறுவனங்கள் கார்ப் பக்கம் வளர்ந்தன. வடகிழக்கு பிரேசிலின் பனைவகை மரமொன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னௌபா மெழுகும் கார் கொட்டகைகளுக்குள் நுழைந்தது. பின்வந்த செயற்கைக் கலவைகள் நீடித்து உழைக்கலாம். ஆனால் ஆழமான மினுமினுப்பில் கார்னௌபாவுக்கு நிகரில்லை என்பார்கள் பலர்.

1980களில் பரவிய முறையில் நிறப் பூச்சின் மேல் நிறமற்ற கிளியர் கோட் ஏறியது. அதன் தடிமன் சுமார் 40 மைக்ரான். தலைமுடியை விட மெல்லியது. அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்து விழும் வட்டக் கோடுகள் பெரும்பாலும் இந்த அடுக்கில்தான் இருக்கும். கீறலின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணுக்குத் தெரிகின்றன. தேய்ப்புக் காம்பவுண்டும் பேடு பொருத்திய பாலிஷ் மெஷினும் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகின்றன. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. விவரம் தெரிந்தவர் முதலில் தடிமன்மானியை வைத்துப் பார்ப்பார். பிறகு பானட்டின் மூலையில் ஒரு சாண் இடத்தில் மட்டும் தேய்த்து, சாய்வாக விளக்கடித்துப் பார்ப்பார். பழைய ஒற்றைப் பூச்சுக் காராக இருந்தால் பேடில் காரின் நிறமே ஒட்டும். கிளியர் கோட் காரில் பேடு நிறமேறினால் அடுக்கு ஓட்டையாகிவிட்டது என்று பொருள். ஆழமான கீறலுக்கு 2000ஆம் எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் உண்டு. விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிக்கொள்வார்கள். கிளியர் கோட் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால் எந்த பாலிஷும் உதவாது. மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

பழைய கார்களில் அசல் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புத்தம்புதிதாக அடிக்கும் மோகம் நெடுங்காலம் ஓடியது. ஆனால் 1950இல் அமெரிக்காவில் தொடங்கிய பெபிள் பீச் கார் அணிவகுப்பே இப்போது மீட்டமைக்காத கார்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

செராமிக் கோட்டிங், பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஆகியவை இன்று தமிழக நகரங்களிலும் கிடைக்கின்றன. போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட காரில் விழும் உப்புத் திட்டுகளை இவற்றாலும் முழுதாகத் தடுக்க முடிவதில்லை.