வாங்கும் பேணியும்

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் படங்களும் கட்டடங்கள் எழுந்த கதையும் தவறாமல் இடம்பெறும். வகுப்பறை வாங்கில் யார் இருந்தார்கள், யார் நிலத்தில் இருத்தப்பட்டார்கள் என்பதை எழுதுவோர் குறைவு. எமது கல்லூரி பிறந்த காலத்து யாழ்ப்பாணத்தில் பெரிய வழக்காக இருந்தது அதுதான்.

அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளில் இடமில்லை. இடம் கொடுத்தவற்றிலும் பலவற்றில் வாங்கு இல்லை. நிலத்திலோ விறாந்தையிலோ இருந்துதான் படிக்கவேண்டும். அப்படி இருத்தும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆசிரியர் அதட்டவேண்டிய தேவையும் பெரும்பாலும் வரவில்லை. எங்கே நிற்பது, எதைத் தொடாமல் விடுவது என்று வீட்டிலேயே பழக்கிவிட்டிருந்தார்கள். வாங்கில் இருந்த பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் வீட்டில்தான் வந்தது. அதைப் பழக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

1924 இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் ஆனது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. சாதி வேற்றுமையை வெளிப்படையாக எதிர்த்தார்கள். ‘சம ஆசனம், சம போசனம்’ என்ற கோரிக்கை ஊரெங்கும் கேட்டது. 1930 ஐ ஒட்டி, அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற பணிப்பு வந்தது. எதிர்த்து மனுக்கள் போயின. சில பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தார்கள். ஒரு மரவாங்குக்காகக் கூரையையே கொளுத்தியிருக்கிறார்கள்!

ஆனாலும் வாங்கு மெல்ல மெல்ல எல்லோருக்கும் பொதுவானது. மனம் மாறியதால் மட்டும் என்று நான் நம்பவில்லை. வித்தியாதரிசி நேரில் வந்து பார்ப்பார். அவருடைய அறிக்கை நன்கொடைப் பணத்தைத் தொடும். முகாமையாளர்கள் ஊராருக்குப் பயந்தார்கள், ஆனால் பணம் நின்றுவிடுமோ என்ற பயம் அதற்கும் மேலாக இருந்தது.

தேநீர்க்கடைப் பேணியின் கதை வேறு. கடைக்குள் இருப்பவருக்குக் கிளாஸ், வெளியே நிற்பவருக்குத் தகரப்பேணி அல்லது போத்தல். 1957 இல் வந்த சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. அதன் பிறகும் பேணி அதே ஆணியில் தொங்கியது. இங்கே வித்தியாதரிசி இல்லை. அவமதிக்கப்பட்டவரே பொலிசுக்குப் போய் முறையிடவேண்டும். கடைக்காரரின் உறவினருடைய தோட்டத்தில் கூலிக்கு நிற்பவர் எப்படிப் போவார்? 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தாக்கினார்கள். அடுத்த ஆண்டுகளில் சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க்கடைகளுக்குள்ளும், 1968 இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள்ளும் நுழையப் போராட்டங்கள் நடந்தன. அடி, வழக்கு, உயிரிழப்பு எல்லாவற்றையும் தாங்கியபின்தான் கிளாஸ் பொதுவானது. சட்டம் பத்தாண்டு கடதாசியில் கிடந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் அடிபட்டவர்களே.

வாங்கு பொதுவானதால் எல்லாம் சரியாகிவிட்டதா? பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு, ஒரே கொப்பி, ஒரே வலைப்பந்து அணி. மணியடித்து வீட்டுக்குப் போனால், தோழிக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பது என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. அடுக்களைக்கு வித்தியாதரிசி வருவதில்லையே. தோழி வராமல் விட்டதன் காரணம் பலருக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியிருக்கும்.

இன்று எமது பழைய மாணவிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். ஒன்றுகூடல்களில் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறோம். மகனுக்கோ மகளுக்கோ சம்பந்தம் பேசும்போது மட்டும் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: “ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?”