பன்னிரண்டில் ஒரு பங்கு

மூன்று வாரமாக என் மேசை மேல் 1959ஆம் ஆண்டு ஷெவர்லே இம்பாலா ஒன்று நிற்கிறது. நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் உடலுக்கு மூன்றாவது முறையாக உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “ஏன்டா, இந்த வயசுல சொப்பு வெச்சு விளையாடிட்டிருக்க?”

சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. சொப்பு என்பது வெறும் விளையாட்டுச் சாமானா என்ன? அடுப்பு, பானை, குடம் எல்லாம் சிறியதாக இருக்கும். விளையாடுகிற பெண் குழந்தைக்குத் தெரியாமலேயே அது அவளை ஒரு சமையலறைக்குத் தயார் செய்கிறது. பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் குழந்தை கையில் கொடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது.

கார் மாடல்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தது. அது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 1930இல் தொடங்குகிறது.

*

கார் கம்பெனிகளின் வரலாற்றில் ஃபிஷர் சகோதரர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஒஹையோ மாநிலத்தில் குதிரை வண்டி கட்டும் குடும்பத்தில் பிறந்தவர்கள். 1908இல் டெட்ராய்டில் கார்களுக்கு உடல் கட்டும் கம்பெனியைத் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் எஞ்சின் ஒருவர் செய்வார், மேல்கூடு இன்னொருவர் செய்வார். மரச்சட்டம் அடித்து அதன் மேல் தகடு போர்த்துவது கிட்டத்தட்ட தச்சு வேலைதான். 1919இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியில் பெரும்பங்கை வாங்கியது. 1926இல் முழுவதையும் வாங்கிவிட்டது. ஃபிஷரின் சின்னம் நெப்போலியன் காலத்து அரச ரதம் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் கதவடியில் ஒரு சின்னத் தகட்டில் அந்த ரதம் பல பத்தாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது.

1930இல், பங்குச்சந்தை சரிந்து ஓர் ஆண்டு கூட ஆகாத நிலையில், ஃபிஷர் நிறுவனம் ஒரு போட்டியை அறிவித்தது. பெயர் ‘ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட்’. பழைய ஐரோப்பாவின் கைவினைஞர் சங்கங்களை நினைவூட்டும் பெயர். பதின்பருவப் பையன்கள் அந்த நெப்போலியன் ரதத்தைச் சிறிய அளவில் செய்து அனுப்ப வேண்டும். வரைபடம் இலவசம், மற்றதெல்லாம் பையன் பாடு. மரம் இழைக்கணும், உலோகம் வார்க்கணும், இருக்கைக்குத் துணி தைக்கணும், கதவு கீல் திறந்து மூடணும். கடையில் வாங்கிய பாகத்தை ஒட்டி அனுப்பினால் செல்லாது.

பரிசு என்ன தெரியுமா? முதல் ஆண்டில் நான்கு பேருக்குத் தலா 5,000 டாலர் பல்கலைக்கழக உதவித்தொகை. பொருளாதாரப் பெருமந்தத்தில் அப்பாக்கள் வேலை இழந்து உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தத் தொகை ஒரு பையனின் முழுக் கல்லூரிப் படிப்புக்கும் போதும். ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலவறைகளிலும் கொட்டகைகளிலும் விளக்கு எரிய ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கான மணி நேரம் செதுக்கிய ரதத்தை மரப்பெட்டியில் வைத்து, உடையாமல் போய்ச் சேரணும் என்று வேண்டிக்கொண்டு ரயிலில் ஏற்றிவிடுவார்கள். வென்றவர்களை டெட்ராய்டுக்கு வரவழைத்து, தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டி, பெரிய விருந்து வைப்பார்கள்.

இது வள்ளல் தன்மையா, விளம்பரமா? இரண்டும்தான். பையன் ரதம் செய்யும் வீட்டில் அடுத்த கார் எந்தக் கம்பெனி கார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் இதற்குள் மூன்றாவது கணக்கு ஒன்றும் இருந்தது.

*

1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு புதிய பிரிவைத் தொடங்கியிருந்தது. தலைவர் ஹார்லி ஏர்ல். ஹாலிவுட்டில் நடிகர்களுக்கும் பணக்காரர்களுக்கும் விருப்பப்படி கார் உடல் கட்டித் தந்தவர். கார் என்பது முதலில் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டிய பொருள் என்பது அவருடைய கட்சி. அவருக்கு முன் காரின் வடிவம் பெரும்பாலும் எஞ்சினியர் மேசையில் முடிவானது. ஏர்ல் களிமண்ணைக் கொண்டுவந்தார். கார் முதலில் சிறிய களிமண் உருவமாகப் பிறக்கும். பிறகு அதே களிமண்ணில் முழு அளவில் வளரும். பிறகுதான் தகடு. அதாவது நிஜக் கார் என்பதே மாடலைப் பார்த்துச் செய்த நகல். நாம் நினைப்பது போல் மாடல் நிஜத்தின் நகல் அல்ல.

கம்பெனியின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், ஆண்டுதோறும் கார் புதுசாகத் தெரியவேண்டும் என்று விரும்பினார். போன வருஷ வண்டி ஓடுகிறதா என்பது கேள்வியே இல்லை. அதைப் பார்த்தால் உரிமையாளருக்கு லேசாகக் கூச்சமாக இருக்கணும், அவ்வளவுதான். இதற்கு வடிவம் படைக்கத் தெரிந்த ஆட்கள் நிறைய வேண்டும். அந்தக் காலத்தில் கார் வடிவமைப்பு என்று ஒரு படிப்பு அநேகமாக இல்லை. ஆட்களை எங்கே தேடுவது?

1937இல் கில்ட் போட்டியில் இன்னொரு வகை சேர்ந்தது: உன் கற்பனைக் காரைச் செய். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. ரதத்துக்குப் பொறுமையும் கைத்திறனும் போதும். கற்பனைக் காருக்கு யோசனை வேண்டும். போருக்காக நின்ற போட்டி, போர் முடிந்து மீண்டும் வந்தபோது ரதத்தின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. 1940களின் இறுதியில் அது கழன்றுகொண்டது. கார் மட்டும் நின்றது.

இப்போது கில்ட் ஒரு பெரிய வலை. கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு வண்டி வரையத் தெரியும் என்பதை டெட்ராய்டில் உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பையனின் பெயர் சக் ஜோர்டன். எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்தவர், 1947இல் தேசிய அளவில் முதல் பரிசு வென்றார். 1949இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். 1986இல் அதன் வடிவமைப்புப் பிரிவுக்கே துணைத் தலைவர் ஆனார். ஒரு காலத்தில் ஹார்லி ஏர்ல் உட்கார்ந்த நாற்காலி அது.

*

ஜோர்டனை வைத்து ஒரு கதை உண்டு. அவரே பலமுறை சொன்னது. என் மேசை மேல் இருக்கும் இம்பாலாவின் பிறப்பும் அதில் இருக்கிறது.

1956 ஆகஸ்ட். மதிய உணவு நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு போட்டிக் கம்பெனியான க்ரைஸ்லரின் வளாகம் பக்கமாகப் போயிருக்கிறார். கம்பி வேலிக்கு அப்பால் இன்னும் வெளிவராத 1957 பிளிமத் கார்கள் வரிசையாக நிற்கின்றன. தாழ்வான உடல், மெல்லிய கூரை, பின்னால் வானத்தைக் குத்தும் வால்சிறகுகள். அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ஜெனரல் மோட்டார்ஸ் 1959க்காகத் தயாரித்துக்கொண்டிருந்த களிமண் உருவங்கள் தடித்த மூட்டைகள். ஜோர்டன் திரும்பிப் போய்ச் சக வடிவமைப்பாளர்களிடம் சொன்னார். அவர்களும் கிளம்பிப் போய் வேலி வழியாகப் பார்த்தார்கள். ஹார்லி ஏர்ல் அப்போது ஐரோப்பாவில். இளைஞர்கள் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிவிட்டார்கள். அதிலிருந்து வந்தவைதான் உயரமான சிறகுகள் கொண்ட 1959 காடிலாக்கும், சிறகைக் கிடைமட்டமாக வௌவால் போல விரித்த 1959 ஷெவர்லேயும்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பிளிமத்துகள் க்ரைஸ்லரின் வடிவமைப்புத் தலைவர் வர்ஜில் எக்ஸ்னரின் தலைமையில் உருவானவை. அவருடைய மகன், அதே பெயர் கொண்ட வர்ஜில் எக்ஸ்னர் ஜூனியர், 1946இல் கில்ட் பரிசு வாங்கியவர். அவரும் பின்னாளில் கார் வடிவமைப்பாளர் ஆனார். அமெரிக்காவின் சாலைகளை அலங்கரித்த பெரும்போட்டி, ஒரு வகையில், சில வீடுகளின் நிலவறை மேசைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

*

இதே சமயம் மாடல் கார் இன்னொரு வழியிலும் வீட்டுக்குள் வந்தது.

போர் முடிந்த பிறகு கார் விற்பனையாளர்கள், ஷோரூமுக்கு வரும் குடும்பத்தின் பையன் கையில் ஒரு சின்னக் காரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டின் புது மாடல், நிஜ வண்டிக்கு அடித்த அதே நிறம், இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. 1948இல் தொடங்கிய ஏஎம்டி கம்பெனி இவற்றை முதலில் அலுமினியத்தில் செய்தது, பிறகு பிளாஸ்டிக்கில். அந்தக் கால அசிடேட் பிளாஸ்டிக்குக்கு ஒரு வியாதி. வருஷம் போகப்போக வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி கோணிக்கொள்ளும். இன்று அரும்பொருள் சேகரிப்பாளர்களிடம் இருக்கும் பல கார்களுக்கு முதுகு வளைந்திருக்கிறது.

விற்பனையாளருக்காக அச்சு செய்தாகிவிட்டது. அதே அச்சில் வார்த்து, ஒட்டாமல் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டுப் பையன்களுக்கே விற்றால் என்ன? 1958இல் ஏஎம்டி அதைத்தான் செய்தது. ஒரே பெட்டி, மூன்று வழி: கம்பெனியிலிருந்து வந்தபடி கட்டலாம், அலங்கார வண்டியாக மாற்றலாம், பந்தய வண்டியாக்கலாம். முழு உடலும் ஒரே வார்ப்பாக வந்ததால் பையன் சொதப்பினாலும் கார் காராகவே இருக்கும். கில்ட் பையன் ஒரு மரக்கட்டையைப் பார்த்து யோசிக்கவேண்டியிருந்தது. இவனுக்குப் படம் போட்ட குறிப்புத்தாள் உண்டு. சில வருஷ உழைப்பு ஒரு சனிக்கிழமை மதியமாகச் சுருங்கியது. திறமை குறைந்ததா? குறைந்தது. ஆனால் கதவு அகலமாகத் திறந்தது. கைச்செலவுக் காசு இருந்தால் போதும், யாரும் ஒரு காருக்குச் சொந்தக்காரர்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு விசித்திரம். நிஜக் கார் ஆண்டுதோறும் மாறியதல்லவா? கிட்டும் மாறியாகணும். புது அச்சு செய்ய ஏகப்பட்ட செலவாகும் என்பதால், பெரும்பாலும் பழைய எஃகு அச்சையே வெட்டித் திருத்தி அடுத்த ஆண்டின் முகத்தைக் கொடுத்தார்கள். திருத்திய பிறகு பழைய முகம் போனது போனதுதான். அந்த வருஷக் கிட்டை இனி அந்த அச்சில் வார்க்க முடியாது. போன வருஷத்தை வெட்கப்பட வைக்கும் ஸ்லோனின் கணக்கு, பொம்மையின் அச்சுக்குள்ளும் புகுந்து வேலை செய்தது. இன்று சிலர் அறுபது வருஷத்துப் பழைய பெட்டியைத் தேடி அலைவது வெறும் கிறுக்கு அல்ல. அழிக்கப்பட்ட மூலத்தின் கடைசிப் பிரதி அது.

*

அம்மா சொன்ன சொப்புக்கு வருகிறேன். கில்ட் போட்டி பையன்களுக்கு மட்டும். பெண்கள் விண்ணப்பிக்கவே முடியாது. 1950களில் ஏர்ல் சில பெண் வடிவமைப்பாளர்களை வேலைக்குச் சேர்த்தார், விளம்பரமும் செய்தார். ஆனால் கார்ப் பிரிவில் அவர்களுக்குக் கிடைத்தது உள்ளலங்காரம்தான்: இருக்கைத் துணி, நிறம், சின்னச் சின்ன வசதிகள். வெளியுடல் ஆண்களின் கையில் இருந்தது. ஒரு பக்கம் கார், இன்னொரு பக்கம் சொப்பு. பிரிவினை மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் விடுபட்டது. மாடல் காரில் ஆள் கிடையாது. பன்னிரண்டில் ஒரு பங்காகச் செதுக்கும் பையன் கோட்டைப் பார்க்கிறான், பளபளப்பைப் பார்க்கிறான். அந்தக் காருக்குள் ஒரு உடம்பு உட்காரும், அது எதன் மேலாவது மோதும் என்பதைப் பரிசுக்கான அந்த மரக்கட்டை அவனுக்குச் சொல்வதில்லை. 1965இல் ரால்ஃப் நாடர் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூலை வெளியிட்டார். முதல் அத்தியாயமே ஷெவர்லே கோர்வேரின் பின்சக்கர அமைப்பைப் பற்றியது. கூரிய வால்சிறகுகள் பாதசாரிகளைக் கிழித்ததையும் அவர் எழுதினார். மறு ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அக்காலத்து ஆண்டுக் கிட்கள் பலவற்றில் அடிப்பகுதி ஒரே தட்டு. எஞ்சின் புகைக்குழாயும் சஸ்பென்ஷனும் அதில் மேடாகக் கோடு போட்டதுபோல் வார்த்திருக்கும். உயிர் போகும் இடம் எதுவோ, அது பொம்மையில் வெறும் கோடு.

1968இல் கில்ட் மூடப்பட்டது. முப்பது சொச்ச ஆண்டுகளில் அது ஒரு தலைமுறை வடிவமைப்பாளர்களை டெட்ராய்டுக்குக் கொடுத்திருந்தது. பிறகு 1973இல் எண்ணெய் நெருக்கடி. சிறகு முளைத்த பெரிய கார்களுக்குப் பெட்ரோல் ஊற்றக் கட்டுப்படியாகவில்லை. பிளாஸ்டிக்கும் எண்ணெயிலிருந்து வருவதுதானே, கிட் விலையும் ஏறியது. 1978இல் ஏஎம்டி, மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்த லெஸ்னி நிறுவனத்தின் கைக்குப் போனது.

*

2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் தன் ஐம்பதாம் ஆண்டை ஒரு மோதலுடன் கொண்டாடியது. ஒரு பக்கம் 2009 ஷெவர்லே மாலிபு. இன்னொரு பக்கம் 1959 ஷெவர்லே பெல் ஏர், என் இம்பாலாவுக்கு உடன்பிறப்பு. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் பாதி முகத்தோடு முகம் மோதின. “பழைய வண்டிதாங்க கெட்டி, இப்ப வர்றதெல்லாம் தகரடப்பா” என்று நாமும் சொல்வோமல்லவா? காணொளியைப் பாருங்கள். பெல் ஏரின் ஓட்டுநர் அறை நசுங்கிப்போகிறது. உள்ளே இருந்த பொம்மை மனிதன் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. மாலிபுவில் இருந்தவனுக்குக் காலில் காயம்.

ஒரு அழகான பழைய காரை நொறுக்கிவிட்டார்களே என்று கிளாசிக் கார் ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அதுதான் வலித்தது, கார் போனது. இரண்டாவது தடவைதான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

நேற்று இம்பாலாவின் உள்பகுதியை ஒட்டினேன். ஸ்டியரிங் தண்டு நேரான ஒரே குச்சி. நிஜ வண்டியிலும் அப்படித்தான், மோதினால் ஈட்டி மாதிரி ஓட்டுநரின் நெஞ்சுக்கு வரும். மோதும்போது மடங்கிக்கொள்ளும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில்தான் கொண்டுவந்தது. குறிப்புத்தாளில் அது வெறும் ஒரு எண். பசையைத் தொட்டு, இடுக்கியால் பிடித்து, கோணம் சரியாக வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன்.

அம்மா பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு. ஆமா, இதுல ஆள் எங்கடா?”