தவளைத் தோலும் செப்பு அயனியும்

தவளையும் மின்சாரமும் என்றவுடன் இத்தாலிய அறிஞர் கால்வானியின் பெயரே நம் நினைவுக்கு வரும். உலோகம் பட்டதும் இறந்த தவளையின் கால் துடித்ததை அவர் 1791-இல் எழுதி வெளியிட்டார். அந்தக் காலைப் போர்த்தியிருக்கும் தோலுக்கும் ஒரு மின்சார வரலாறு உண்டு. அதிலும் உலோகத்துக்குப் பங்கு இருக்கிறது.

தோலின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நேர்மின்னழுத்தம் உடையது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் அறிஞர் டு பாய்ஸ் ரேமண்ட் கண்டறிந்தார். காரணம் விளங்கவில்லை. சோடியம் அல்லது லித்தியம் உப்பு இருந்தால்தான் இம்மின்னழுத்தம் நிலைக்கிறது என்று 1904-இல் கலியோட்டி காட்டினார். தவளை நன்னீரிலிருந்து தோல் வழியே உப்பை உறிஞ்சுகிறது என்பதை 1930-களில் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோக் நிறுவினார்.

அவருடைய மாணவர் ஹான்ஸ் உஸ்ஸிங், செரான் என்பவருடன் சேர்ந்து 1951-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். இரு அறைகளுக்கு நடுவே தோலைப் பொருத்தி, இரு புறமும் ஒரே உப்புக் கரைசலை நிரப்பினார்கள். பிறகு, வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தித் தோலின் மின்னழுத்தத்தைச் சுழியாக்கினார்கள். இப்போது செறிவு வேறுபாடும் இல்லை, மின்னழுத்த வேறுபாடும் இல்லை. ஆயினும் சோடியம் உள்ளே சென்றுகொண்டே இருந்தது! கதிரியக்கச் சோடியத்தால் அளந்தபோது, அதன் நிகர அளவு மின்னோட்டத்துக்குச் சமமாக இருந்தது. தோல் தன் ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை இறைக்கிறது என்பது உறுதியாயிற்று.

இங்கேதான் செப்பு வருகிறது. தோலின் வெளிப்புறக் கரைசலில் சிறிதளவு செப்பு உப்பைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயரும். நஞ்சு தோலுக்கு வலுவூட்டிவிட்டதா? இல்லை. வழக்கமாகச் சோடியத்தைத் தொடர்ந்து எதிர்மின் குளோரைடும் உள்ளே கசிந்து, மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். செப்பு அயனி அந்தக் கசிவை அடைக்கிறது. அதனால் மின்னழுத்தம் ஏறுகிறது. இவ்வாறு கசிவு குறைந்த தோலைக் கொண்டே, 1958-இல் கோஃபோட் ஜான்சனும் உஸ்ஸிங்கும் ஓர் உண்மையைத் தெளிவாக்கினார்கள்: தோலணுவின் வெளிமுகம் சோடியத்துக்கும் உள்முகம் பொட்டாசியத்துக்கும் வழிவிடுகிறது, இறைக்கும் பம்பு உள்முகத்தில் இருக்கிறது.

பாதரசத்தின் செயல் வேறு. அது புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு அந்தப் பம்பையே முடக்க வல்லது.

மின்னழுத்தம் உயர்வதை மட்டும் கண்டு தோல் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மின்னோட்டத்தையும் அளந்தாக வேண்டும். ஆலைக் கழிவின் உலோகங்கள் கலந்த குளத்தில், தோல் வழியே உப்பைத் தேடும் தவளைக்கு இது உயிர்ப் பிரச்சினை அல்லவா?