கிம்லியில் இறங்கிய விமானம்

பழைய விமானம் ஒன்றின் கதை இது. ஏர் கனடாவின் போயிங் 767, பதிவெண் சி-ஜிஏயுஎன். 1983 மார்ச்சில் பணிக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூலை 23. மான்ட்ரியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் பயணம். எரிபொருள் மானி பழுது என்பதால், தொட்டியில் இருந்ததைக் கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிவந்த காலம். லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்க வேண்டும். பழக்கத்தில் பவுண்டுக்குரிய 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட நிரம்பவில்லை.

நடுவானில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி முன்பு கிம்லி விமானப்படைத் தளத்தில் பணிபுரிந்தவர். மூடப்பட்ட அந்தத் தளத்தின் ஓடுபாதையில் அன்று கார் பந்தயம்! விமானத்தை அங்கேயே இறக்கினார்கள். முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உரசி நின்றது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். தரையிலும் யாருக்கும் காயமில்லை.

பழுது நீக்கப்பட்டு, 2008 ஜனவரி வரை அதே விமானம் பயணிகளைச் சுமந்தது. பிறகு கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஓய்வு. தவறு இயந்திரத்தில் இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் எழுதாத அலகில் இருந்தது.